வெயில் காலத்தில் டயர் காற்றைக் குறைக்காதீர்கள்

சித்திரை பிறந்துவிட்டால் போதும், பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் இடத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "வெயில் ஜாஸ்தி சார், ரெண்டு பாயின்ட் குறைச்சு வச்சிடவா?" வண்டிக்குள் இருப்பவரும் தலையாட்டிவிடுவார். சூட்டில் காற்று விரியும், விரிந்தால் டயர் வெடிக்கும், ஆகவே முன்கூட்டியே குறைத்துவிடு என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பதோ நேர் எதிர். கோடையில் நெடுஞ்சாலை வேகத்தில் டயரைக் கொல்வது பெரும்பாலும் குறைந்த காற்றுதான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். காலையில் 30 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வைத்த டயர், ஓடி ஓடி உள்ளே 60 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றை அளக்கும் கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே இருப்பதை மட்டும்தான். வெளிக்காற்றின் அந்த 14.7ஐயும் சேர்த்தால் மொத்தம் 47.7. வெப்பநிலை கெல்வின் கணக்கில் (டிகிரியோடு 273ஐக் கூட்டினால்) 303லிருந்து 333 ஆகிறது. அதே விகிதத்தில் அழுத்தமும் ஏறி 52.4 ஆகும், 14.7ஐக் கழித்தால் கேஜில் 37.7. முப்பது டிகிரி சூடு ஏறியும் கூடியது ஐந்து பி.எஸ்.ஐ.கூட இல்லை. கார் டயரின் பக்கவாட்டில் உச்ச அளவாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 44 அல்லது 51, அதுவும் ஆறிய டயருக்குச் சொன்ன அளவு. ஓடும்போது ஏறும் இந்த நாலைந்து பி.எஸ்.ஐ. டயரை வடிவமைக்கும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டதுதான்.

காற்று குறைந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். தரையைத் தொடும் இடத்தில் டயரின் பக்கச்சுவர் பிதுங்கி மடங்குகிறது. தரையை விட்டு மேலே வந்ததும் நிமிர்கிறது. 185/65 ஆர் 15 டயரின் விட்டம் ஏறக்குறைய 621 மில்லிமீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 14 முறை சுற்றும். அதாவது பக்கச்சுவரின் ஒவ்வொரு இடமும் நிமிடத்துக்கு 850 தடவை மடங்கி நிமிர்கிறது. கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் கை சுடுமே, அதே சூடுதான் இங்கேயும். காற்று குறையக் குறைய மடிப்பு ஆழமாகும், சூடும் கூடும். வெயிலில் கொதிக்கும் சாலையில் அந்தச் சூடு ஆறவும் வழியில்லை. ஒரு கட்டத்தில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகு பெல்ட்டுக்கும் நடுவே பிடிப்பு விட்டு, தரையில் படும் மேல் ரப்பரான ட்ரெட் பட்டையாக உரிந்து வரும், அல்லது பக்கச்சுவர் கிழியும். நெடுஞ்சாலை ஓரத்தில் நீளநீளமாகக் கிடக்கும் ரப்பர் பட்டைகளில் பல இப்படிப் பிரிந்து வந்தவைதான்.

ஓடி வந்த சூட்டோடு பங்கில் நிறுத்தி, 37 காட்டும் டயரை "அதிகமாயிருக்கு" என்று 31க்கு இறக்கினால், மறுநாள் காலை ஆறிய பிறகு அதில் இருப்பது 27, மிஞ்சினால் 28. அதோடு ஐந்து பேரை ஏற்றி, டிக்கி நிறையப் பையை வைத்துத் திருப்பதிக்கோ திருச்செந்தூருக்கோ கிளம்பினால் டயர் என்ன பாடுபடும்!

எவ்வளவு வைப்பது? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். அதில் இரண்டு கணக்கு போட்டிருக்கும்: இரண்டு மூன்று பேர் போகும்போது ஒன்று, முழு பாரத்தோடு போகும்போது ஒன்று. முழு பாரத்துக்குப் பின் டயர்களில் மட்டும் நாலைந்து கூட்டச் சொல்லும் கார்களும் உண்டு. சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 29க்கும் 35க்கும் நடுவே ஏதோ ஓர் எண் வரும். உங்கள் காருக்கு எது என்று பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "முப்பது வைப்பா" என்று எல்லாக் காருக்கும் சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. 33 கேட்கும் காருக்கு 30 வைப்பதும் குறைத்து வைப்பதுதான். அதே போல டயரில் போட்டிருக்கும் 51ஐப் பார்த்து அதுதான் வைக்கவேண்டிய அளவு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது டயர் தாங்கும் உச்சம். உங்கள் காருக்கு வைக்கவேண்டிய அளவை முடிவு செய்தது காரைச் செய்தவர்கள்.

அந்த ஸ்டிக்கர் எண் ஆறிய டயருக்கு. ஆறியது என்றால் வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது மெதுவாக இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும். காலையில் வெயில் விழுமுன் பார்ப்பதே சரி. ஒரு பக்கம் மட்டும் வெயில் அடித்தால் அந்தப் பக்க டயர்கள் இரண்டு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்து ஒரு பக்கம் மட்டும் காற்றை இறக்கிவிடுவார்கள். பங்க் தூரத்தில் இருந்து, சூடான டயரில்தான் அடித்தாக வேண்டும் என்றால் ஸ்டிக்கர் அளவுக்கு மேல் 4 கூட்டி வையுங்கள். மறுநாள் காலை வீட்டில் சரிபார்த்து, அதிகம் இருந்தால் கொஞ்சம் விட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் சரிபார்க்க ஒரு டிஜிட்டல் கேஜ் வேண்டும். சில நூறு ரூபாய்தான். பங்குகளில் இலவசமாகக் காற்றடித்துத் தர வேண்டும் என்பது விதி. கேஜ் சரியாக இருக்கிறதா என்பது அந்தந்தப் பங்கின் தலையெழுத்து. கீழே போட்டுப் போட்டு, குழாய் மேல் லாரி ஏறி, இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. தவறாகக் காட்டும் மெஷின்கள் நிறைய. 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்ன காற்று பம்ப் 1,500 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. கார் வாங்கியதும் சீட் கவருக்கும் டேஷ்போர்டு பிள்ளையாருக்கும் செலவழிப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். தொடர்ந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டினால் அந்த பம்ப் சூடாகிவிடும், நடுவில் ஆறவிட வேண்டும். அதைத் தவிரத் தொல்லை எதுவும் இல்லை.

நல்ல டயரும் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை பி.எஸ்.ஐ. இழக்கத்தான் செய்யும். ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நான்கில் ஒன்று மட்டும் வேகமாக இறங்கினால் மூன்று இடங்களில் தேடுங்கள்: ட்ரெட்டில் ஆணி, வால்வு, ரிம்மின் விளிம்பு. சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வால்வு முனையில் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்ப்பதும் அதே சோதனைதான். வால்வுக்குள் இருக்கும் ஊசி தளர்ந்திருந்தால் அதைத் திருகினாலே சரியாகிவிடும். ரப்பர் வால்வின் அடியில் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். புது டயர் போடும்போதே வால்வையும் மாற்றச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. பழைய வால்வோடு புது டயர் போடுவது பல கடைகளில் வழக்கமாகிவிட்டது.

காரில் டயர் காற்றைக் கண்காணிக்கும் டி.பி.எம்.எஸ். இருக்கிறதே, பிறகு கேஜ் எதற்கு என்பார்கள். அந்த மஞ்சள் விளக்கு பெரும்பாலும் கால் பங்கு காற்று இறங்கிய பிறகுதான் எரியும். 33 இருக்கவேண்டிய இடத்தில் 25 ஆகும் வரை பல கார்கள் வாய் திறக்காது. பஞ்சர் ஆனதைச் சொல்ல அது நல்ல கருவி, மெல்ல இறங்கும் காற்றைக் கண்டுபிடிக்க அல்ல.

நைட்ரஜன் பற்றியும் கேட்பார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் நைட்ரஜன் விரியாது என்று கடைக்காரர் சொல்வது தவறு. மேலே போட்ட கணக்கு நைட்ரஜனுக்கும் அப்படியே பொருந்தும். உண்மையான நன்மை இரண்டு: ஈரப்பசை இல்லாமல் வரும், கொஞ்சம் மெதுவாகக் கசியும். இலவசமாகக் கிடைத்தால் அடியுங்கள். அது கிடைக்கும் கடையைத் தேடிக்கொண்டு குறைந்த காற்றோடு நாட்கணக்கில் ஓட்டுவதுதான் முட்டாள்தனம். நைட்ரஜன் இருக்கும் டயரில் சாதாரணக் காற்றைக் கலந்தால் எதுவும் ஆகாது.

காற்றை எப்படி வைத்திருந்தீர்கள் என்பதை டயரின் தேய்மானமே சொல்லிவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று குறைவாகவே ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், தவறியிருக்கிறது. ட்ரெட் கட்டைகளின் ஒரு விளிம்பு கூர்மையாகவும் மறு விளிம்பு வழவழப்பாகவும், கையைக் குறுக்கே தேய்க்கும்போது ஒரு திசையில் மட்டும் உறுத்தினால் டோ கோணம் (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தவறியிருக்கிறது. திட்டுத்திட்டாகக் குழி விழுந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்ஸிங்கையோ (சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருக்கிறதா என்பதை) பார்க்க வேண்டும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து வைத்துவிட்டு, குனிந்து முன் டயரின் உள் ஓரத்தைப் பாருங்கள். வெளியே புதுசு போலத் தெரியும் டயர் உள் ஓரத்தில் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும்.

அலைன்மென்ட்டையும் பேலன்ஸிங்கையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறைய. நேர்ச் சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும், ஸ்டீரிங் கோணலாக இருந்தாலும் அலைன்மென்ட். 80, 90 தாண்டும்போது ஸ்டீரிங் நடுங்கினால் முன் சக்கரங்களின் பேலன்ஸிங். நடுக்கம் இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டயர்க் கடையில் பணத்தைக் கொட்டாதீர்கள், அது பிரேக் டிஸ்க். அலைன்மென்ட் போடுமுன் நான்கு டயரிலும் காற்றைச் சரிசெய்தார்களா என்று கவனியுங்கள். செய்யாமல் மெஷினில் ஏற்றினால் வரும் கோணங்களுக்கு அர்த்தமே இல்லை. வேலை முடிந்ததும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் பிரிண்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

டயர்களை இடம் மாற்றுவது எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்குள். முன் சக்கரம் இழுக்கும் கார் என்றால் முன் இரண்டையும் அதே பக்கமாகப் பின்னே, பின் இரண்டையும் குறுக்காக முன்னே. பக்கச்சுவரில் அம்புக்குறி போட்ட டயர் என்றால் பக்கம் மாற்றக் கூடாது, முன்னும் பின்னும் மட்டும்தான்.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் எங்கே போடுவது? கடைக்காரர் முன்னால் போடுவார், நாமும் அதையே எதிர்பார்ப்போம். முன் டயர்தானே திருப்புகிறது, இழுக்கிறது! ஆனால் டயர் நிறுவனங்கள் பின்னால் போடச் சொல்கின்றன, நானும் அந்தக் கட்சிதான். மழையில் முன் டயர் பிடிப்பை இழந்தால் வண்டி நேராகப் போகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பும். பின் டயர் பிடிப்பை இழந்தால் வால் சுழன்றுவிடும். அதைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். ஐப்பசி மழையில் வளைவில் வந்துதான் இந்த வித்தியாசம் புரிய வேண்டும் என்பதில்லை.

பஞ்சர் பெரும்பாலும் பின் டயரில்தான் வரும். முன் டயர் தரையில் படுத்திருக்கும் ஆணியைத் தட்டி எழுப்பிவிடும், பின் டயர் வாங்கிக்கொள்ளும். ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள். டியூப்லெஸ் டயரில் அந்த ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்றைக் கூட்டி அடித்துவிட்டு மெதுவாகப் பஞ்சர் கடை வரை போய்விடலாம். முழுதும் இறங்கிய டயரில் மட்டும் அரை கிலோமீட்டர்கூட உருட்டாதீர்கள். ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே பக்கச்சுவர் அரைபட்டு, உள்ளே கறுப்புத் தூளாகக் கொட்டும். நூறு ரூபாய் பஞ்சர் ஒரு டயர் விலையில் போய் முடியும்.

வெளியிலிருந்து ஊசியால் குத்தி அடைக்கும் ஸ்ட்ரிப் அவசரத்துக்குப் போதும், சின்ன ஆணி என்றால் வெகுநாள் தாங்கவும் செய்யும். ஆனால் டயரைக் கழற்றி உள்ளே இருந்து காளான் வடிவ பிளக் போடுவதுதான் முறையான வேலை. விலை மூன்று நான்கு மடங்கு ஆகும். நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். கழற்றினால்தான் பக்கச்சுவர் உள்ளே அரைபட்டிருக்கிறதா என்பதும் தெரியும். எதுவானாலும் ட்ரெட் பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஓட்டைக்குத்தான். ட்ரெட்டும் பக்கச்சுவரும் சேரும் தோள்பட்டையிலோ பக்கச்சுவரிலோ ஓட்டை விழுந்தால், "ஒட்டித் தரேன் சார், ஒண்ணும் ஆகாது" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு வந்திருந்தால், உள்ளே நூல் இழைகள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் கிடையாது, டயரை மாற்ற வேண்டியதுதான். காற்று குறைவாக இருக்கும் டயருக்குத்தான் இந்தப் புடைப்பும் சுலபமாக வரும், பள்ளத்தின் விளிம்பில் ரிம் நேராக மோதி நடுவில் இருக்கும் சுவரை நசுக்கிவிடுவதால்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. சில சமயம் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அது உள்பக்கம் போய்விடுமுன் பார்த்துவிட வேண்டும். திருவொற்றியூர், அரக்கோணம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று சென்னையைச் சுற்றியே டயர் ஆலைகள் இருக்கும் ஊரில் இரண்டு வருடப் பழைய சரக்கை முழு விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, பில்லில் அதையும் பாருங்கள்.

அளவுக்குப் பக்கத்தில் 88 எச் என்று இருந்தால், ஒரு டயர் 560 கிலோ தாங்கும், மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை ஏற்றது. டி (T) என்றால் 190, வி (V) என்றால் 240. காரோடு வந்ததைவிடக் குறைந்த எண்ணையோ எழுத்தையோ வாங்காதீர்கள். அகல டயர் ஆசை இருந்தால் மொத்த விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: 185/65 ஆர் 15க்குப் பதில் 195/55 ஆர் 16 போட்டால் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது, ஸ்பீடோமீட்டரும் ஏமாறாது. மைலேஜ் கொஞ்சம் குறையும், பள்ளத்தில் ரிம் அடிபட வாய்ப்பு கூடும். அழகுக்கான விலை அது.

எப்போது மாற்றுவது? ட்ரெட் பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். டயர் அதுவரை தேய்ந்துவிட்டால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே பிடிப்பு குறையத் தொடங்கிவிடும், ஆகவே புரட்டாசிக்குள் மாற்றிவிடுவது நல்லது. ஓட்டம் குறைந்த கார் என்றால் வயதைப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியதும் ஆண்டுக்கொரு முறை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் பரவியிருந்தால் ட்ரெட் எவ்வளவு இருந்தாலும் வேண்டாம்.

கடைசியாக ஸ்டெப்னி. அதில் காற்று பார்ப்பவர் யாருமே இல்லை. வழக்கமான சக்கரமாக இருந்தால் முழு பார அளவைவிட இரண்டு மூன்று கூட்டி வைத்துவிடுங்கள், இறங்கினாலும் உதவும். ஒல்லியான தற்காலிக டயர் என்றால் அதற்கு 60 பி.எஸ்.ஐ. கேட்கும், வேகம் 80ஐத் தாண்டக் கூடாது. 2020 அக்டோபர் முதல், டியூப்லெஸ் டயரும் டி.பி.எம்.எஸ்.ஸும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று விதி வந்துவிட்டது; புதுக் கார் வாங்குபவர்கள் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். ஆணிக்குப் பஞ்சர் கிட் போதும், பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

ஜாக்கி போடுமுன் கைப்பிரேக், கியர், எதிர்மூலைச் சக்கரத்துக்கு ஒரு கல். நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டுத்தான் வண்டியைத் தூக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஜாக்கி நழுவினால் அது தாங்கும். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கி, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் இன்னொரு முறை பாருங்கள். டயர்க் கடையில் ஏர் கன்னால் இறுக்கிய நட்டு, காரோடு வரும் குட்டி ஸ்பேனருக்கு அசையவே அசையாது. இரவு பதினோரு மணிக்கு விழுப்புரம் தாண்டி அதன்மேல் ஏறி நின்று குதிப்பதற்குப் பதில், கடையிலிருந்து கிளம்புமுன்பே ஒவ்வொரு நட்டையும் தளர்த்தி, அதே ஸ்பேனரால் கையாலேயே இறுக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.